மச்சானுக்கு: அவசரகாலச் சட்டம் பற்றி நீ கேட்டதற்கு

அன்புள்ள மச்சான்,

உன் மெசேஜ் வந்து கனநாள், பதில் போடப் பிந்திவிட்டது, கோபிக்காதே. வீட்டில் எல்லோரும் சுகம். மகள் உயர்தரப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்த நேரத்தில்தானே டித்வா புயல் வந்தது, பரீட்சை பாதியில் நின்று மிச்சப் பாடங்களை ஜனவரியில்தான் எழுதினாள், பிள்ளை நன்றாகக் களைத்துப்போனாள். அம்மாவின் முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னா.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். "நாடே தண்ணிக்குள்ள கிடக்கும்போது அவசரகாலச் சட்டம் போட்டதில என்னடா பிழை, அரசாங்கத்துக்கு அதிகாரம் வேண்டாமா?" என்று கேட்டிருந்தாய். வேண்டும்தான். 600 பேருக்கு மேல் செத்துப்போனார்கள், கண்டி, பதுளை, நுவரெலியாப் பக்கம் மண்சரிவில் ஊர்களே புதைந்தன. அப்படிப்பட்ட நாளில் லொறியும் மண் வாருகிற பெக்கோ இயந்திரமும் பிடிக்க, மூடின பாதையைத் திறக்க, டெண்டர் கோவையைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாது. அத்தியாவசிய சேவைகளுக்கு ஓர் ஆணையாளர் நாயகத்தை நியமித்ததையும் நான் குறை சொல்லவில்லை. இந்த அரசாங்கம் நல்லெண்ணத்தோடுதான் வேலை செய்தது என்றே நினைக்கிறேன்.

ஆனால் அந்த அதிகாரத்தை எந்தச் சட்டத்திலிருந்து எடுத்தார்கள் என்று பார். சுனாமியில் நாம் அவ்வளவு பேரைப் பறிகொடுத்த பிறகு, 2005இல், இதற்கென்றே பாராளுமன்றம் அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அனர்த்த நிலைமையைப் பிரகடனம் செய்ய அதிலேயே ஜனாதிபதிக்கு வழி இருக்கிறது. அதில் ஓட்டை இருந்தால் அடைத்திருக்கலாம், இருபது வருஷம் நேரமிருந்தது. அதை விட்டுவிட்டு 1947ஆம் ஆண்டின் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தை எடுத்தார்கள். அது வெள்ளைக்காரன் போகும் தறுவாயில், தொழிலாளர் வேலைநிறுத்தத்தை அடக்குகிற காலத்தில் பிறந்த சட்டம். அதன் கீழ் போடுகிற ஒழுங்குவிதி, அரசியலமைப்பைத் தவிர மற்ற எந்தச் சட்டத்தையும் மேவும். 14 நாளுக்குள் பாராளுமன்றம் அங்கீகரிக்க வேண்டும், ஒரு மாதம்தான் செல்லும் என்பதெல்லாம் உண்மை, ஆனால் மாதம் முடிய இன்னொரு வர்த்தமானி போட்டால் போதும். டிசம்பர் கடைசியில் அப்படித்தான் நீட்டினார்கள்.

உனக்கும் எனக்கும் அந்த மாதக் கணக்கு நன்றாகத் தெரியும். 1983இலிருந்து 2011 வரை, நடுவில் கொஞ்சக் காலம் தவிர, நாம் அவசரகாலத்துக்குள்தானே வளர்ந்தோம். மட்டக்களப்பில் கல்லடிப் பாலத்தடியில் சைக்கிளை விட்டு இறங்கி, உருட்டிக்கொண்டு போய், அடையாள அட்டையை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றது சட்டப் புத்தகத்தில் வராது, ஆனால் அந்தச் சட்டம் தெருவில் அப்படித்தான் இருந்தது. சுனாமிக்கு அடுத்த வருஷத்தையே எடு. 2005 ஆகஸ்டில் வெளிநாட்டமைச்சர் கதிர்காமர் கொல்லப்பட்டதும் போட்ட அவசரகாலம் 2011 ஆகஸ்ட் வரை ஆறு வருஷம் போனது. போட்டபோது அவ்வளவு காலம் இழுக்கும் என்று யாராவது சொன்னார்களா?

இதிலே ஒன்று எனக்கு ஆறவே இல்லை. புயலுக்கு நாலு மாதத்துக்கு முன்னால்தான், 2025 ஜூலையில், உயர் நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பில் 2022இல் ரணில் பதில் ஜனாதிபதியாக இருந்தபோது போட்ட அவசரகால நிலை அடிப்படை உரிமைகளை மீறியது என்று சொன்னது. அந்தத் தீர்ப்பின் மை காயவில்லை, அதே கட்டளைச் சட்டம் மறுபடி வெளியே வந்துவிட்டது. அப்புறம் பிரதி அமைச்சர் ஒருவர், ஜனாதிபதியையும் அரசாங்கத்தையும் சமூக ஊடகத்தில் அவதூறு செய்பவர்கள் மேல் அவசரகால விதிகள் பாயும் என்கிற மாதிரிப் பேசினார். அடக்குமுறைக்குப் பயன்படுத்த மாட்டோம் என்று ஜனாதிபதி சொன்னார், நம்புகிறேன் என்றே வைத்துக்கொள். அடுத்து அந்தக் கதிரையில் யார் உட்காருவார் என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

சோறும் தண்ணீரும் கொண்டுபோகிற அதிகாரமும் ஆளைப் பிடித்து அடைக்கிற அதிகாரமும் ஒரே வர்த்தமானியில் வரக்கூடாது. நான் சொல்வது அவ்வளவுதான்.

அதோடு, மலையகத்தில் சனம் செத்தது அரசாங்கத்துக்கு அதிகாரம் குறைந்ததாலா? மண்சரிவு எச்சரிக்கை பல இடங்களில் தமிழில் நேரத்துக்குப் போகவில்லை. மலைச் சரிவில், தோட்டத் தொழிலாளரின் லயன் அறைகளில் இருக்கிறவர்களில் பெரும்பாலானோர் தமிழர், அவர்களுக்குச் சிங்களத்தில் அறிவித்தல் வந்து என்ன பயன்? தமிழில் எழுத ஓர் ஆளை உட்கார வைக்க எந்த அவசரகால ஒழுங்குவிதியும் தேவையில்லை.

நிவாரணமும் அப்படித்தான். வீடு துப்புரவாக்க 25,000 ரூபாய் தருகிறோம் என்றார்கள், நல்ல விஷயம். பெயர்ப் பட்டியல் எழுதப்பட்ட இடத்தில் நானும் போய் நின்றேன். ஓர் அம்மா தண்ணீரில் ஊறிப்போன குடும்ப அட்டையைப் பொலித்தீன் பையிலிருந்து எடுத்து, ஒட்டிப்போன தாள்களை நகத்தால் மெல்லப் பிரித்துக் காட்டுகிறா, பட்டியல் எழுதுகிறவரோ "வீட்டுக்குள்ள எத்தனை அடி தண்ணி வந்தது, படம் இருக்கா?" என்று கேட்கிறார். அவவிடம் போனே இல்லை. எங்கே போய் முறையிடுவது, எத்தனை நாளுக்குள் பதில் வரும் என்று ஒரு துண்டுக் கடதாசிகூட அங்கே ஒட்டியிருக்கவில்லை.

சுனாமிக்குப் பிறகு மேலேயிருந்து வந்த அறிவித்தல் நினைவிருக்கிறதா? தெற்கிலும் மேற்கிலும் கடலிலிருந்து 100 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது, வடக்குக் கிழக்கில் 200 மீற்றர். ஹோட்டல்களுக்கு வழி கிடைத்தது, நாவலடியில் பெரியம்மா அத்திவாரம் மட்டும் மிஞ்சின வளவைப் பார்த்துக்கொண்டு நின்றா. பிறகு அந்த எல்லையைக் குறைத்தார்கள், அதற்குள் எத்தனையோ பேர் கடலை விட்டுத் தூரப் போய் வள்ளத்தையும் தொழிலையும் விட்டுவிட்டார்கள்.

இப்போது மலையிலும் "சிவப்பு எச்சரிக்கை, எழும்பிப் போ" என்கிறார்கள். போக வேண்டியதுதான், உயிர் முக்கியம். ஆனால் எங்கே? காணி தோட்டத்துக்குச் சொந்தம், லயன் அறைக்கு உறுதிப் பத்திரம் இல்லை. அவசரகால அதிகாரத்தில் சொத்தைச் சுவீகரிக்க முடியும் என்றால், பாதுகாப்பான தோட்டக் காணியை எடுத்து உறுதிப் பத்திரத்தோடு அந்தச் சனத்துக்குக் கொடுக்கட்டுமே. அதைச் செய்தால் நானே பாராட்டி எழுதுவேன்.

நீ அனுப்புகிறேன் என்ற காசைப் பற்றி: பொது நிதிக்குப் போடுவது உன் விருப்பம். பதுளையில் என்னோடு படிப்பித்த ஆசிரியர் ஒருவர், ஐந்து குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கொப்பி, சப்பாத்து, பஸ் காசு பார்த்துக்கொள்கிறார். அவரோடு உன்னைப் பேச வைக்கிறேன், உனக்கு எந்த நாள் இரவு தோது என்று சொல். அங்கே குளிர் எப்படி, தம்பிக்கு வேலை நிரந்தரமாகிவிட்டதா? எழுது.

அன்புடன்,
உன் மச்சான்