கட்டிலுக்கு அடியில ஒன்பதே முக்கால் இன்ச்

அடியே குண்டுமல்லி,

உன் வாய்ஸ் மெசேஜ் மூணும் கேட்டேன். மூணாவது 11 நிமிஷம், பஸ்ல கம்பிய புடிச்சுகிட்டே கேட்டேன், நடுவுல நீ அழுதியா இல்ல ஜலதோஷமான்னு புரியல. ரெண்டு வரி டைப் பண்ணி அனுப்பினா பத்தாதுன்னு ஞாயித்துக்கிழமை மத்தியானம் வீட்டுல எல்லாரும் தூங்கினப்புறம் உக்காந்து லெட்டராவே எழுதறேன், ஹாஸ்டல் லீவுக்கு எழுதுவோமே அந்த மாதிரி. பொறுமையா படி.

கும்பகோணம் வீட்ட குடுக்கறதுன்னு முடிவு பண்ணது சரிதான்டி. அந்த முற்றத்துல நாம தாயம் ஆடினதெல்லாம் ஞாபகம் வருது, ஆனா அம்மாவ தனியா அங்க விட முடியாது, நீயும் கோயம்புத்தூர்ல இருந்து மாசம் ரெண்டு தடவ ஓடிகிட்டு இருக்க முடியாது. நீ கேட்ட விஷயத்துக்கு வரேன். அவ்வளவு சாமானையும் 780 சதுர அடி ஃப்ளாட்டுக்குள்ள எப்படி அடக்கறது, எல்லாத்தையும் "உள்ள ஸ்டோரேஜ் வெச்ச" ஃபர்னிச்சரா செஞ்சுடலாமான்னு கேக்கற. நீ அனுப்பின வீடியோ எல்லாம் பாத்தேன், டைனிங் டேபிள் செவுத்துக்குள்ள போகுது, சோபா பங்க் கட்டிலாகுது, அழகாத்தான் இருக்கு. ஆனா ஒண்ணு கவனிச்சியா, அதுல ஒருத்தர் வீட்டுலயும் சோபா மேல துவைச்ச துணி குவிஞ்சு கிடக்கல.

பெரம்பூர் வீடு 560 சதுர அடி, அஞ்சு பேர், 14 வருஷம். இதுக்குள்ள நானே வரைஞ்சு ஆசாரிய வெச்சு செஞ்சது எட்டு ஐட்டம், அதுல மூணு தோத்துப்போச்சு. தோத்ததுல இருந்துதான் கத்துகிட்டேன்.

முதல் தோல்வி சோபா கம் பெட். ஹால்ல பகல்ல சோபா, ராத்திரி மாமியாருக்கு கட்டில். பேப்பர்ல பாத்தா சூப்பர். நிஜத்துல என்ன, தினம் ராத்திரி குஷன் எடு, டீப்பாய நகத்து, இழு, பெட்ஷீட் போடு, காலைல திருப்பி இதெல்லாம் உல்டாவா. முதல் மாசம் ஒழுங்கா பண்ணோம். ரெண்டாவது மாசம் ஞாயித்துக்கிழமை மட்டும்தான் மடிச்சோம். நாலாவது மாசத்துல அது நிரந்தரமா கட்டில், வர்ற விருந்தாளி எல்லாம் மாமியார் கால்மாட்டுல உக்காந்து காபி குடிச்சாங்க. அப்பதான்டி புரிஞ்சுது, ஒரு சாமானுக்கு ரெண்டு வேல குடுக்கறோம்னா ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு மாத்தற அந்த அஞ்சு நிமிஷம்தான் அதோட அசல் விலை, கடைக்காரன் போடற பில்லு இல்ல. தினம் மாத்தணும்னா ஒரே கையால, அரை நிமிஷத்துல ஆகணும். வருஷத்துக்கு ஒரு தடவன்னா அரை நாள் ஆனாலும் பரவாயில்ல.

மர்ஃபி பெட்னு ஹாஸ்டல்ல ஒரு சாப்டர் படிச்சோமே, செவுத்துல சாத்தி வெக்கற கட்டில், சான் ஃபிரான்சிஸ்கோல ஒரே ரூம்ல குடியிருந்த வில்லியம் மர்ஃபிங்கறவர் 1900 வாக்குல செஞ்சது. அது நூறு வருஷம் தாண்டியும் நிக்குதுன்னா காரணம் மெத்த, போர்வை எதையும் எடுக்க வேண்டாம், பெல்ட் போட்டு அப்படியே தூக்கி சாத்திடலாம். (1989ல அமெரிக்க கோர்ட்டே மர்ஃபி பெட்ங்கறது பொதுப் பெயர் ஆயிடுச்சுன்னு தீர்ப்பு சொல்லிடுச்சு, நம்ம ஊர்ல ஜெராக்ஸ்னு சொல்ற மாதிரி.) ஹாங்காங்ல கேரி சாங்னு ஒரு ஆர்க்கிடெக்ட், சின்ன வயசுல அப்பா அம்மா தங்கச்சிங்களோட இருந்த 344 சதுர அடி வீட்டையே செவுரு எல்லாம் தண்டவாளத்துல நகர்ற மாதிரி பண்ணி 24 விதமா மாத்தறாரு. எனக்கு ரொம்ப பிடிக்கும். ஆனா அவர் தனியா இருக்கற மனுஷன். ஒரு மாமியாரும் பரீட்சைக்கு படிக்கற ரெண்டு புள்ளைங்களும் இருக்கற வீட்டுல செவுத்த நகத்தி பாக்கட்டும், அப்புறம் பேசுவோம்.

ரெண்டாவது தோல்வி எங்க ரூம் கட்டில், மெத்தையோட பலகைய தூக்கி அடியில சாமான் வெக்கற அந்த ஹைட்ராலிக் டைப். எல்லாரும் ஹைட்ராலிக்னுதான் சொல்றாங்க, பலகைய தூக்கி விடற பம்ப்புக்குள்ள அடைச்சு வெச்சிருக்கறது நைட்ரஜன் கேஸ். மேல பலகையும் மெத்தையும் சேர்ந்து என்ன எடையோ அதுக்கு தகுந்த பவர்லதான் அந்த பம்ப் வாங்கணும். கடைல கேட்டா "எல்லாத்துக்கும் இதான்மா போடறோம்"னு ஒண்ண குடுத்துட்டாங்க. தேங்கா நார் மெத்தை கனமா இருந்த வரைக்கும் ஓடிச்சு. இவருக்கு முதுகுவலின்னு மெத்தைய மாத்தினோம், புதுசு லேசு, அவ்வளவுதான், பலகை மூடவே மாட்டேங்குது, நாலு இன்ச் தூக்கிகிட்டே நிக்குது. மூணு நாள் அதுமேல ரெண்டு பேர் படுத்து அழுத்திதான் மூடினோம், சிரிக்காத. மூணாவது தோல்விய நேர்ல சொல்றேன், அதுல என் பேர்லயும் தப்பு இருக்கு.

இதுல ஒரு சூட்சுமம் இருக்குடி. மேல மூடி வெச்சு திறக்கற எதுவுமே நம்ம வீடுகளுக்கு ஆகாது, ஏன்னா நாம காலி இடத்த பாத்தா சும்மா விட மாட்டோம். மூடி மேல பேப்பர் வரும், இஸ்திரி துணி வரும், பேரன் பேக் வரும், அப்புறம் யாரு திறக்கறது. பக்கவாட்டுல இழுக்கற டிராயரா இருந்தா மேல யானை உக்காந்திருந்தாலும் கீழ வேல நடக்கும். மூடிக்குள்ள வருஷத்துக்கு ரெண்டு தடவ எடுக்கற சாமான் மட்டும் போகட்டும், ரஜாய், விருந்தாளி தலகாணி, பெரிய அண்டா.

இப்ப உங்க அம்மா ரூமுக்கு வரேன். 9க்கு 10ன்னு சொன்ன. 9 அடின்னா 108 இன்ச். ஒரு பக்கம் 36 இன்ச் திவான், எதிர்பக்கம் 24 இன்ச் ஆழத்துல பீரோ, நடுவுல மிச்சம் 48. திவான் டிராயர் 24 இழுத்தா அம்மா நிக்கறதுக்கு இன்னும் 24 இருக்கு, தாராளம். டிராயர் போடறதுக்கு முன்னாடி எல்லாரும் மறக்கற கணக்கு இதுதான், இழுத்த நிலைமைல வரைஞ்சு பாக்க மாட்டாங்க.

உயரத்துல இன்னொரு கணக்கு. எங்க ஹால் திவான் 18 இன்ச், உக்கார்ற உயரம். அதுல மெத்தை 4 போச்சு, மேல் ப்ளை முக்கால், தண்ணி விட்டு துடைக்கும்போது படாம இருக்க கீழ ஸ்கர்ட்டிங் 3, அடி ப்ளை அரை. கடைசில கைல மிஞ்சறது ஒன்பதே முக்கால் இன்ச், டிராயர் கேப் எல்லாம் போக உள்ள எட்டுதான். 18 இன்ச் கட்டில்ல எட்டு இன்ச் இடம்! ஆனா உங்க அம்மாவுக்கு முட்டிவலி, 18ல உக்காந்தா எழுந்துக்க சிரமம், அவங்களுக்கு 20 வெச்சுக்கோ. பாரு, முட்டிவலி உனக்கு ரெண்டு இன்ச் லாபம்.

எங்க அம்மாவோட ட்ரங்கு பெட்டிய சொல்லணும். அம்மா போனப்புறம் அண்ணன் பாத்திரம் எல்லாம் எடுத்துகிட்டான், நான் அந்த பச்சை பெயிண்ட் ட்ரங்கு பெட்டி மட்டும் கேட்டு வாங்கினேன், அதுல அவங்க பட்டுப்புடவை இருக்கு. உயரம் 11 இன்ச். என் ஒன்பதே முக்கால்ல எப்படி போகும். ஆசாரி புடவைய எடுத்து டிராயர்ல வெச்சுட்டு பெட்டிய போட்டுடுங்கன்னாரு, எனக்கு மனசு கேக்கல, ரெண்டு நாள் கிராஃப் பேப்பரோட உக்காந்தேன். அப்புறம் அந்த ஒரு அறைக்கு மட்டும் ஸ்கர்ட்டிங்கும் வேணாம் அடி ப்ளையும் வேணாம்னு எடுத்துட்டேன், தரைல இருந்து மேல் ப்ளை வரைக்கும் பதிமூணே கால் இன்ச் கிடைச்சுது. சக்கரம் வெச்ச பலகை ஒண்ணே முக்கால், அதுமேல பெட்டி 11, மொத்தம் பன்னெண்டே முக்கால். அரை இன்ச் மிச்சம்! பலகை முன்னாடி திவான் கலர்லயே ஒரு ப்ளை முகப்பு அடிச்சாச்சு, பாத்தா டிராயர், இழுத்தா அம்மா பெட்டி வருது. ஆசாரி அன்னைக்கு டீ குடிக்காம அத நாலு தடவ இழுத்து இழுத்து விட்டு பாத்தாரு.

புடவை வெக்கறதுன்னா காத்து முக்கியம்டி. சென்னை உப்புக் காத்துல மூடின கட்டில்ல பூஞ்சை வரும், நான் பின்பலகைல ஒரு இன்ச் ஓட்டை வரிசையா போட சொல்லி கொசுவலை அடிச்சிருக்கேன். வசம்பு துண்டு போடு, பட்ட பருத்தித் துணில சுத்தி வை, வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவ மடிப்ப மாத்தி மடி, இல்லன்னா சரிகை மடிப்புலயே விட்டுடும். மரம் பத்தி ஆசாரி ஏதாவது சொன்னா இத ஞாபகம் வெச்சுக்கோ, ஐ.எஸ்.னா இந்திய தர நம்பர், ஐ.எஸ். 710 முத்திரை போட்ட மெரைன் ப்ளை தண்ணி படற இடத்துக்கு, அதாவது சிங்க் அடில, கட்டில் ஸ்கர்ட்டிங்ல. மத்தபடி பீரோ உள்தட்டுக்கெல்லாம் ஐ.எஸ். 303 போதும். எல்லாமே மெரைன்தான் போடணும்னு ஒருத்தர் சொன்னா அவர் கமிஷன் கணக்கு போடறாருன்னு அர்த்தம். புக் அடுக்கற தட்டு மூணடிக்கு மேல நீளம் வேண்டாம், நடுவுல தொங்கிடும்.

இப்ப பெருமைக்கு ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. கொலுப்படி! வருஷம் பூரா பொம்மையும் இரும்புப் படியும் பரண்ல இருந்து எடத்த அடைச்சுகிட்டு இருந்துச்சு. ஜப்பான்ல பழைய வீடுகள்ல மாடிப்படியே அலமாரியா இருக்கும், கைதான் தான்சுன்னு பேரு, ஒவ்வொரு படிக்கு அடியிலயும் டிராயர், கதவு. அந்த போட்டோவ பாத்ததும் எனக்கு நம்ம கொலுதான் தோணிச்சு. அஞ்சு பெட்டி செஞ்சேன், எல்லாம் மூணடி அகலம், ஒரு அடி ஆழம், உயரம் மட்டும் 9, 18, 27, 36, 45. ஒம்போது இன்ச் பால்கனில தொட்டி வெக்க, 18 வாசல்ல செருப்பு மாட்ட உக்கார, 27 கட்டில் பக்கத்துல, 36 செருப்பு அலமாரி, 45 பொண்ணோட புக்ஸ். நவராத்திரிக்கு அஞ்சையும் கொண்டாந்து ஒண்ணு முன்னாடி ஒண்ணா தள்ளி வெச்சா அஞ்சு படி, மேல வேஷ்டி விரிச்சா யாருக்கும் தெரியாது. முழுசா அஞ்சடி நீளம் வரும், ஹால் அடைச்சுக்கும், பத்து நாள்தானே. பொம்மை எல்லாம் இந்த பெட்டிங்களுக்குள்ளயே தூங்குது, பரண் பாதி காலி. மாத்தறதுக்கு அரை நாள் ஆகுது, இவர் முனகறார், ஆனா வருஷத்துக்கு ஒரு தடவ. மத்த நாள்ல 45ஐ மட்டும் செவுத்தோட எல் கிளாம்ப் போட்டு புடிச்சிருக்கேன், ஒரு அடி ஆழம்தான், குழந்தை புடிச்சு ஏறினா சாஞ்சுடும், நீயும் உயரமான எதையும் சும்மா நிறுத்தாத.

கடைசியா உங்க அப்பாவோட கல்லாப்பெட்டி. அதுக்கு கால் வெச்சு உன் பையனுக்கு ஸ்டடி டேபிள் ஆக்கலாமான்னு கேட்ட. யோசிச்சேன், வேண்டாம். நாற்காலில உக்காந்து எழுத மேல்பக்கம் 29, 30 இன்ச்ல வரணும், அதுல பெட்டியோட உயரமே ஒரு அடி போயிடும், மீதில கால நுழைச்சா முட்டி இடிக்கும். அது தரைல சம்மணம் போட்டு உக்காந்து கணக்கு எழுதறவங்களுக்குன்னு செஞ்ச சாமான்டி, சரிவான மேல்பலகைல பேரேடு, அடியில சில்லறைக்கு அறை, அதுக்கும் உள்ள கள்ள அறை. இன்னைக்கு இன்டீரியர்காரங்க கண்டுபிடிச்ச மாதிரி பேசறது எல்லாம் உங்க மண்டில 60 வருஷமா இருந்துச்சு. உனக்கு ஞாபகம் இருக்கா, வலது பக்க டிராயர முழுசா வெளிய எடுத்துட்டு கைய விட்டா பின்னாடி ஒரு சின்ன பலகை நகரும், அப்பா அதுக்குள்ள நமக்கு ஆரஞ்சு மிட்டாய் வெச்சிருப்பாரு.

அதனால அத வெட்டாத, பாலிஷ் கூட போடாத, தேங்கா எண்ணெய் துணில துடைச்சா போதும். 30 இன்ச்ல ஒரு இரும்பு ஸ்டாண்டு அடிச்சு வாசக்கதவு பக்கத்துல வை. நின்னுகிட்டு எழுதற உயரம் வரும். சாவி, கரண்ட் பில்லு, பால் கணக்கு எல்லாம் அதுல. பையனுக்கு செவுத்துல மடிக்கற டேபிள் நான் வரைஞ்சு அனுப்பறேன், ஒரு கையால தூக்கற மாதிரி.

எங்க வீட்டு நியூஸ், பெரியவ சி.ஏ. இன்டர் ஒரு குரூப் கிளியர், இவருக்கு சுகர் கொஞ்சம் ஏறியிருக்கு, எனக்கு கண்ணாடி பவர் மாறியிருக்கு, மாமியார் அந்த சோபாக் கட்டில்ல இன்னும் ராணி மாதிரி இருக்காங்க.

நீ டேப்ப எடுத்துகிட்டு போய் இத மட்டும் அளந்து அனுப்பு: அம்மா ரூம் ஜன்னல் அடி தரைல இருந்து எத்தன இன்ச், ஸ்விட்ச் போர்டு எங்க இருக்கு, வாசக்கதவு அகலம், அப்புறம் லிஃப்டோட உள்ளளவு. லிஃப்ட மறந்துடாத. நாலாவது மாடிக்கு கல்லாப்பெட்டிய படில தூக்கறதுக்கு உங்க வீட்டுல ஆள் இல்ல, அது எவ்வளவு கனம்னு எனக்கு தெரியும், அன்னைக்கு மிட்டாய்க்காக ரெண்டு பேரும் நகத்தி பாத்தோமே, அசையவே இல்ல.

உன்,
ஸ்கேல்