பைண்டர் தொகுதியின் பரிசோதனைச் சான்றிதழ் தொடர்பான முறைப்பாடு

கொழும்பு 14

விற்பனை முகாமையாளர் அவர்களுக்கு,

ஐயா,

உலோகத்தூள் முப்பரிமாண அச்சுக்காக உங்களிடம் கடைசியாக வாங்கிய நீர்சார் பைண்டர், அதாவது தூளை ஒட்டவைக்கும் திரவம், பற்றி எழுதுகிறேன். போனில் கேட்டால், "சான்றிதழ் சரியாத்தானே இருக்கு" என்கிறார் உங்கள் ஆள். அந்தச் சான்றிதழ்தான் என் முறைப்பாடே.

அதில் இருப்பவை பிசுக்குமை, பரப்பிழுவிசை, பிஎச். மூன்றும் போத்தலுக்குள் இருக்கும் திரவத்தின் குணங்கள். துளி ஒழுங்காக விழுமா என்று பார்க்க அவை போதும். தூளில் இறங்கி இறுகிய பிறகு அதன் பிடிமானம் எவ்வளவு, உலையில் எரிந்தால் என்ன மிஞ்சும் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. பாண் ஏன் பொங்கவில்லை என்று கேட்டால் ஈஸ்ட் பக்கெற்றின் லேபலைக் காட்டுவது போல இருக்கிறது.

முகத்துவாரத்துப் படகுகளின் கடல்நீர்ப் பம்புகளுக்கு 316எல் என்ற துருப்பிடிக்காத உருக்குத் தூளில் இம்பெல்லர், அதாவது தண்ணீரைத் தள்ளும் இறகுச் சக்கரம், செய்கிறோம். உங்கள் கையேட்டின்படியே 180 பாகையில் இறுகவைத்தும், ஒட்டிய தூளைத் தட்டும்போது மெல்லிய இறகு விளிம்பு தூரிகை பட்டவுடன் பொலபொலவென்று உதிர்கிறது. தப்பியவற்றை உலையில் சுட்டோம். சுருக்கம் எதிர்பார்த்ததுதான், அளவில் குறையில்லை. குறை காபனில். 316எல் உருக்கில் அது 0.03 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, தாண்டிவிட்டது. மிஞ்சிய காபன், துருவைத் தடுக்கும் குரோமியத்தைப் பிடித்துக்கொண்டு, உலோகத்தின் நுண்மணிகள் சந்திக்கும் எல்லைகளில் காபைட்டாக ஒதுங்கினால், உப்புத்தண்ணீர் அந்த வழியாகத்தான் அரிக்கும். நடுக்கடலில் பம்பு நின்றால் திட்டு வாங்குவது நான். ஒன்றையும் வெளியே கொடுக்கவில்லை.

கொழும்பு ஈரக்காற்றில் தூள் கெட்டிருக்கும் என்றும் உங்கள் ஆள் சொன்னார். பழைய தொகுதியில் மிஞ்சிய பைண்டரை வைத்து, அதே தூளில், அதே உலையில் சோதனைப் பட்டைகள் செய்து பார்த்தோம். வளைத்து முறிக்கும் சோதனையில் நன்றாகத் தாங்கின. காபனும் வரம்புக்குள். இரண்டுக்கும் ஒரே காற்று, ஒரே அறை.

இந்தத் தொகுதியை மீளப்பெற்றுக்கொண்டு பணத்தையும், பாழான தூளின் விலையையும் தரவேண்டும். இனி வரும் ஒவ்வொரு தொகுதியின் சான்றிதழிலும் இறுகிய பட்டையின் வளைவு வலிமை, ஆகன் வாயுவில் சூடேற்றியபின் மிஞ்சும் எச்சம், சுட்ட துண்டின் காபன் அளவு ஆகியவை இருக்கவேண்டும். அதுவும் அந்தத் தொகுதியிலேயே சோதித்ததாக. அதுவரை அடுத்த ஓர்டரை நிறுத்திவைத்திருக்கிறேன்.

உடைந்த துண்டுகளும் திறக்காத போத்தல் ஒன்றும் பட்டறையில் இருக்கின்றன. உங்கள் இரசாயனவியலாளரை அனுப்பிப் பாருங்கள். பதிலை எழுத்தில் தாருங்கள். போன் பேச்சு போதும்.

இங்ஙனம்,
பட்டறை உரிமையாளர்