பூங்கா இடத்தை மாற்றும் முன் பூங்கா வாசலில் வந்து எங்களைக் கேளுங்கள்

பெறுநர்: ஆணையாளர் அவர்கள், சேலம் மாநகராட்சி
நகல்: சேலம் உள்ளூர் திட்டக் குழுமம்
அனுப்புநர்: அம்மாபேட்டை, பொன்னம்மாபேட்டை பகுதிக் குடியிருப்பாளர்கள்

பொருள்: பூங்கா, விளையாட்டுத் திடல் இடங்களில் நில உபயோக மாற்றம் செய்யும் முன் மக்கள் கருத்து கேட்பது தொடர்பாக.

ஆணையாளர் அவர்களுக்கு வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வருகிறோம். மாநகருக்குள் இருக்கும் எந்தப் பூங்கா இடத்தையும் வணிகத்துக்கோ குடியிருப்புக்கோ மாற்றும் யோசனை வந்தால், அது கோப்பில் ஏறும்போதே அந்தப் பூங்கா வாசலில் தமிழில் பெரிய எழுத்தில் அறிவிப்புப் பலகை வைக்க உத்தரவிட வேண்டும். இதுதான் எங்கள் முக்கியமான கோரிக்கை.

நாளிதழில் விளம்பரம் வருகிறது, அரசிதழில் வருகிறது, சரி. ஆனால் அதில் இருப்பது சர்வே எண்ணும் உட்பிரிவு எண்ணும் பரப்பளவும்தான். தினமும் காலையில் அங்கே நடக்கிற பெரியவருக்கும், சாயங்காலம் பேரனை ஊஞ்சலில் ஏற்றிவிடுகிற பாட்டிக்கும் தங்கள் பூங்காவின் சர்வே எண் எப்படித் தெரியும்? ஆட்சேபனைக் காலம் முடிந்து ஜேசிபி வந்து நின்றபிறகு தெருவே கூடி என்ன பயன், அந்த நேரத்தில் எந்த அதிகாரி நினைத்தாலும் நிறுத்துவது கஷ்டம்.

எங்கள் பக்கத்து வீடுகள் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். முன்னறையைத் தறி எடுத்துக்கொள்ளும், மிச்ச இடத்தில்தான் சமையல், படுக்கை, பிள்ளைகளின் படிப்பு எல்லாம். செவ்வாய்பேட்டை, பள்ளப்பட்டி பக்கம் போனால் தறிக்குப் பதில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை இருக்கும். நாள் முழுக்கக் குனிந்தே வேலை செய்யும் பெண்கள் முதுகை நிமிர்த்தி நாலு எட்டு நடக்க வேண்டுமென்றால் தெருமுனைப் பூங்காவை விட்டால் வேறு இடம் கிடையாது, ஏற்காட்டுக்குத் தினமும் போய்வர முடியாது இல்லையா? அப்புறம், சேர்வராயன் மலையிலிருந்து இறங்கி ஊருக்குள் வரும் மழைநீரில் கொஞ்சமாவது மண்ணுக்குள் இறங்குவது சிமெண்ட் போடாத இந்தத் துண்டு நிலங்களில்தான். ஒரு பெரிய மழைக்கே கிச்சிப்பாளையம், நாராயண நகர் பக்கம் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்துவிடுகிற ஊர் இது.

பூங்கா இடம் என்பது யாரோ கட்டாமல் விட்ட காலி மனை இல்லை. 10,000 சதுர மீட்டருக்கு மேல் மனைப்பிரிவு போட்டால் சாலை போக உள்ள பரப்பில் 10 சதவீதத்தைப் பொது உபயோகத்துக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும் என்பது 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகளிலேயே இருக்கிறது. பூங்காக்கள், விளையாட்டுத் திடல்களைப் பாதுகாக்கவென்றே தமிழ்நாட்டில் 1959ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றும் உண்டு. பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை எதிர்த்து அந்தப் பகுதி மக்களே வழக்குப் போட்டார்கள், 1991இல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்று சொல்லிவிட்டது. மருத்துவமனைக்கே இப்படி என்றால் கடை வரிசைக்கும் வாகன நிறுத்தத்துக்கும் எவ்வளவு யோசிக்க வேண்டும்!

நில உபயோகத்தை மாற்றாமலே பூங்கா கரைவதும் உண்டு. ஒரு மூலையில் தண்ணீர்த் தொட்டி, இன்னொரு மூலையில் ரேஷன் கடை, நடுவில் சமுதாயக் கூடம் என்று வந்தால் கடைசியில் மிஞ்சுவது வேலியும் பெயர்ப்பலகையும்தான். இவையெல்லாம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அங்கன்வாடி எங்களுக்கும் தேவை. அதற்குப் பூங்காதான் இடமா என்பதை எங்களையும் உட்காரவைத்துப் பேசி முடிவு செய்யுங்கள் என்கிறோம். ஆகவே பூங்காவுக்குள் வரும் எந்த நிரந்தரக் கட்டுமானத்துக்கும் இதே முறை பொருந்த வேண்டும்.

கருத்துக் கேட்பதும் பெயருக்கு நடக்கக் கூடாது. பலகையில் இப்போதைய வரைபடமும் மாற்றிய பிறகான வரைபடமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும், எத்தனை மரம் போகும், எத்தனை சதுர அடி மிஞ்சும் என்று எழுதியிருக்கட்டும். 60 நாள் அவகாசம் கொடுங்கள். கூட்டத்தை வேலைநாள் காலை 11 மணிக்கு அலுவலகத்தில் வைத்தால் கூலிக்குப் போகிறவர் யாரும் வரமாட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்தப் பூங்காவிலேயே வையுங்கள். எழுதத் தெரியாதவர் வாயால் சொல்லும் ஆட்சேபனையையும் பதிவு செய்து ரசீது கொடுக்க வேண்டும். ஏற்காத ஆட்சேபனைக்கு ஏன் ஏற்கவில்லை என்று எழுத்தில் பதில் வேண்டும். மக்களைப் பாதிக்கும் முடிவுகளின் விவரங்களை அரசு அலுவலகங்கள் தாமாகவே வெளியிட வேண்டும் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவே சொல்கிறது. 2022இலிருந்து நகரங்களில், வார்டுக்குள் அந்தந்தப் பகுதி மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைகளும் வந்துவிட்டன, இந்த விஷயத்தை அங்கே பொருளாக வைத்துப் பேசலாம்.

முதல் வேலையாக, சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி ஆகிய நான்கு மண்டலங்களிலும் உள்ள பூங்கா இடங்களின் பட்டியலை சர்வே எண், பரப்பளவு, தெருப் பெயரோடு அந்தந்த மண்டல அலுவலகத்தில் ஒட்டி, மாநகராட்சி இணையதளத்திலும் ஏற்றும்படி கேட்டுக்கொள்கிறோம். இந்த மனுவின் மீது எடுக்கும் நடவடிக்கையை எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்கவும் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
அம்மாபேட்டை, பொன்னம்மாபேட்டை பகுதிக் குடியிருப்பாளர்கள்
இணைப்பு: கையொப்பத் தாள்கள்