நீ அனுப்பிய பேச்சை வாசித்தேன்

அன்பு பாப்பாவுக்கு,

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நீ பேசப்போவதை எழுதி அனுப்பியிருந்தாயே, நிதானமாக உட்கார்ந்து வாசித்தேன். உன்னைக் கூப்பிட்டுப் பேசச் சொன்னதில் எனக்கும் அப்பாவுக்கும் ரொம்பப் பெருமை. தோன்றியதை மறைக்காமல் சொல்லச் சொன்னாய், அதனால் சொல்கிறேன். அறிவுரை நிறைய இருக்கிறது. நீ என்ன பார்த்தாய், என்ன செய்தாய் என்பது போதவில்லை.

'இயந்திரம் பேசுவதைக் கேட்கப் பழகுங்கள்' என்று எழுதியிருக்கிறாய். கேட்க அழகான வரிதான். ஆனால் மறுநாள் காலையில் பம்ப் பக்கத்தில் போய் நிற்கிற பையன் எதைக் கேட்பான்? லீவில் வந்தபோது எனக்கு விளக்கினாயே, அதை அப்படியே எழுது. சுழலும் தண்டைத் தாங்குகிற பேரிங் இருக்கிற கூட்டின் மேல் நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்பது. கிரீஸ் வற்றியிருந்தால் கீச்சென்று கத்தும், உள்ளே தேய்ந்து குழி விழுந்திருந்தால் கரகரவென்று அரைக்கும் என்றாய். கிரீஸ் வைத்ததும் சத்தம் அடங்கி, கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தால் வெறும் கிரீஸ் பிரச்சினை இல்லை என்றாய். அதற்காக அள்ளி அப்பினாலும் சூடு ஏறும் என்றாய். இயந்திரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாத எனக்கே அன்றைக்குப் புரிந்தது. சுழலும் பாகத்தின் பக்கம் கையும் துப்பட்டாவும் போகக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள். உனக்கு அது பழகிப்போனதால் சொல்லத் தோன்றியிருக்காது. அவர்களுக்கு இன்னும் பழகவில்லை.

வார்டில் ஷிப்ட் மாறும்போது நர்ஸுகள் நாங்கள் செய்ததும் இதே வேலைதான். 'ஆறாம் பெட் கொஞ்சம் டல்லா இருக்கார், பார்த்துக்கோங்க' என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகிறவர்கள் உண்டு. அக்கறையில்தான் சொல்கிறார்கள், ஆனால் அடுத்து வருகிறவளுக்கு அதில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. 'எடை அறுபது கிலோ, போன ரெண்டு மணி நேரத்தில் சிறுநீர் மொத்தமே முப்பது மில்லிதான், பிரஷரும் இறங்கிக்கொண்டே வருகிறது' என்று சொல்லிப் பார். அவருக்கு மணிக்குக் குறைந்தது முப்பது மில்லி வர வேண்டும் என்று தெரிந்த எந்த நர்ஸும் உடனே டாக்டரைக் கூப்பிடுவாள். இதற்கு ஒரு முறையே இருக்கிறது. அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து ஆஸ்பத்திரிகளுக்கு வந்தது: இப்போது என்ன நிலை, பின்னணி என்ன, என் கணிப்பு என்ன, என்ன செய்ய வேண்டும் என்று அந்த வரிசையில் சொல்வது. எனக்கு அதில் பிடித்தது மூன்றாவது. கண்ணால் பார்த்ததையும் நானாக ஊகித்ததையும் அது தனித்தனியாக வைக்கிறது.

உன் பேச்சில் அவை ரெண்டும் கலந்து கிடக்கின்றன, பாப்பா. 'அதிர்வு அதிகமானால் பேரிங்தான் காரணம்' என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறாய். எல்லா இடத்திலுமா? நீயே முதலில் அலைன்மென்ட் கோளாறு, அதாவது மோட்டாரும் பம்பும் நேர்கோட்டில் இல்லை என்று நினைத்து, ரெண்டையும் இணைக்கிற கப்ளிங்கைக் கழற்றியதாகச் சொன்னாயே. அதை ஏன் விட்டுவிட்டாய்? அப்படி நினைக்க உனக்கு அன்றைக்கு ஒரு காரணம் இருந்தது, அதே காரணம் நாளைக்கு அவர்களுக்கும் சரியாகத்தான் தோன்றும். எதைப் பார்த்து மனம் மாறினாய் என்பதைச் சொல். என் கணக்கில் உன் பேச்சிலேயே விலை மதிப்புள்ள இடம் அதுதான். அந்த பம்ப் எந்த வகை, எவ்வளவு நாளாக ஓடுகிறது, என்ன வேகம் என்பதையும் சொல்லிவிடு. அப்போதுதான் வேறு இயந்திரத்தின் முன்னால் நிற்கிறவன், இது நமக்குப் பொருந்துமா என்று யோசிப்பான்.

தெளிவாக எழுதாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். செம்மல்வைஸ் என்ற டாக்டரைப் பற்றி நர்சிங் படித்த எல்லோருக்கும் தெரியும். வியன்னாவின் பொது மருத்துவமனையில், பிணப் பரிசோதனை செய்த கையோடு டாக்டர்கள் பிரசவம் பார்க்க வந்தார்கள். 1847 மே மாதம் அவர் குளோரின் கலந்த நீரில் கை கழுவ வைத்தார். ஏப்ரலில் அந்த வார்டில் பிள்ளை பெற்றவர்களில் 18 சதவீதம் பேர் இறந்தார்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அது 3 சதவீதத்தைத் தொடவே இல்லை. இவ்வளவு பெரிய அனுபவத்தை அவர் உடனே தெளிவாக எழுதி வெளியிடவில்லை. முதலில் நண்பர்கள்தான் அவருக்காக எழுதினார்கள். இது நமக்கு ஏற்கெனவே தெரிந்த தொற்றுதானே என்று சிலர் தப்பாகப் புரிந்துகொண்டார்கள். அவருடைய முழுப் புத்தகம் 1861-இல் வந்தது, அதிலும் நிறைய இடத்தில் எதிர்த்தவர்களோடு சண்டை. டாக்டர்களின் கையே நோயைக் கொண்டுபோகிறது என்பதைக் கேட்கவே பலருக்குப் பிடிக்கவில்லை என்பதும் உண்மை. எல்லாப் பழியையும் அவர் எழுத்தின் மேல் போட முடியாது. ஆனாலும் இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு ஆறுவதில்லை. அந்த இடைவெளியில் செத்துப்போனவர்கள் பிள்ளை பெற வந்த பெண்கள்.

அப்புறம், வால்வைத் திறந்து வைத்துவிட்டுப் போனவரைப் பற்றி எழுதியிருக்கிறாயே, அவர் பெயரை எடுத்துவிடு. 'முந்தைய ஷிப்டில்' என்றுகூட வேண்டாம், உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். அமெரிக்காவில் விமானிகள் தங்கள் அனுபவத்தையும் தவறுகளையும் எழுதி அனுப்ப 1976 முதல் நாசா ஓர் ஏற்பாட்டை நடத்துகிறது. எழுதியவர் யார் என்று தெரியாதபடி அடையாளங்களை எடுத்துவிட்டுத்தான் மற்றவர்களுக்குக் காட்டுகிறார்கள். அதனால்தான் பயமில்லாமல் எழுதுகிறார்கள். நீயும் ஒருவரைக் காட்டிக்கொடுத்துவிட்டால், அடுத்த முறை உன்னிடம் வந்து யார் வாயைத் திறப்பார்கள்?

சுருக்கெழுத்துகளை முதல் தடவை வரும்போது விரித்துச் சொல், அவ்வளவு போதும். எண்களைச் சொல்லும்போது மட்டும் கவனம். ஃபிப்டீனும் ஃபிப்டியும் போனில் ஒரே மாதிரிதான் கேட்கும். மருந்தளவு சொல்லும்போது நாங்கள் 'ஒன் ஃபைவ்' என்று பிரித்துச் சொல்லி, கேட்டவரைத் திருப்பிச் சொல்லச் சொல்வோம். கடைசியில் 'புரிந்ததா?' என்று கேட்காதே, எல்லோரும் தலையாட்டுவார்கள். 'சரி, அந்தக் கீச் சத்தம் கேட்டால் முதலில் என்ன செய்வாய்?' என்று ஒருவரைக் கேள். அவர் தடுமாறினால் அந்த இடத்தை இன்னொரு விதமாகச் சொல்லிப் பார். நேரம் போதாவிட்டால் கடைசிப் பக்கத்தில் இருக்கிற பொன்மொழிகளை எடுத்துவிடலாம், ஒன்றும் குறையாது.

பம்ப் பகுதியை மட்டும் திருத்தி முதலில் அனுப்பு. அப்பாவிடம் வாசித்துக் காட்டுகிறேன். எங்கே அவர் முழிக்கிறார் என்று குறித்து உனக்கு எழுதுகிறேன்.

அன்புடன்,
அம்மா