சீலிங்கைப் பார்த்து மாட்டிய விளக்குகள்: மண்ணடி, பாரிமுனை அலுவலக முதலாளிமாருக்கு ஒரு வயர்மேனின் மடல்

வணக்கம்.

லிங்கிச் செட்டித் தெரு, தம்புச் செட்டித் தெரு, அங்கப்ப நாயக்கன் தெரு, செகண்ட் லைன் பீச் என்று இந்த வட்டாரத்து அலுவலகங்களில் முப்பது வருஷமாக வயர் இழுத்துக்கொண்டிருக்கிறேன். வீடு ராயபுரம். சேட், பாய், அண்ணாச்சி, சார் என்று உங்களை ஆளுக்கொரு விதமாகக் கூப்பிட்டுப் பழக்கம். உங்கள் போனில் என் பெயர் ‘எலக்ட்ரீஷியன் ராயபுரம்’ என்றுதான் இருக்கும். ஃப்யூஸ் போனால் கூப்பிடுவீர்கள். இன்றைக்கு நீங்கள் கூப்பிடாமலே வந்திருக்கிறேன். கையில் பில் இல்லை. நான் செய்த ஒரு தப்பைச் சொல்லி, அதைச் சரிசெய்ய உங்களிடம் அனுமதி கேட்கத்தான் இந்தக் கடிதம்.

சில வருஷங்களுக்கு முன்னால் எல்லோரும் ஒரே நேரத்தில் “பழைய ட்யூப்பெல்லாம் கழட்டிட்டு எல்இடி போட்டுடுப்பா” என்றீர்கள். கூடவே ஃபால்ஸ் சீலிங்கும் வந்தது. மெட்ராஸ் டெரஸ் (மரச்சட்டத்தின் மேல் செங்கல் அடுக்கும் பழைய கூரை) போட்ட 14 அடி உயரக் கட்டடம், உள்ளே 9 அடியாகிவிட்டது. சீலிங் ஆள் இரண்டடிக்கு இரண்டடி கட்டமாக ஃப்ரேம் அடித்துவிட்டுப் போவான். பிறகு நான் போவேன். ஏசிக்கு ஒரு கட்டம், ஸ்மோக் டிடெக்டருக்கு ஒரு கட்டம், மிச்சத்தில் மூன்று கட்டம் விட்டு ஒரு பேனல், அதாவது சதுரமான எல்இடி விளக்கு. கீழே நின்று பார்த்தால் வரிசை அழகாக இருக்கும். நீங்களும் “நீட்டா இருக்கு” என்பீர்கள். காசு வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். மேஜை நாற்காலியெல்லாம் அதற்கு அடுத்த வாரம்தான் வரும். எந்த மேஜை எங்கே வரும், யார் எந்தப் பக்கம் பார்த்து உட்காருவார் என்று நீங்களும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

என் மகள் இந்த வட்டாரத்தில் ஒரு கிளியரிங் அலுவலகத்தில், அதாவது துறைமுகச் சரக்குக்குக் கஸ்டம்ஸ் வேலை முடித்துக் கொடுக்கும் இடத்தில், டாக்குமென்டேஷன் பார்க்கிறாள். பெயர் வேண்டாம், முதலாளி நல்ல மனிதர். அவளுக்குச் சாயங்காலமானால் தலைவலி. கண்ணைச் சோதித்தோம், பவர் மாறவில்லை. வீட்டில் போனைக் குறை சொன்னோம், தூக்கத்தைக் குறை சொன்னோம். போன ஐப்பசியில் ஒரு நாள் நல்ல மழை, கூட்டி வரலாம் என்று மாடிக்கே போய்விட்டேன். அவள் பைல் எடுத்து வைக்கப் போன நேரத்தில் அவள் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

பேனல் சரியாக என் முதுகுக்குப் பின்னால், தலைக்கு மேலே. குனிந்தால் என் நிழலே காகிதத்தில் விழுந்தது. நிமிர்ந்தால் கம்ப்யூட்டர் திரையின் நடுவில் வெள்ளைச் சதுரமாக இன்னொரு பேனல் உட்கார்ந்திருந்தது. அந்தச் சதுரத்துக்கு அடியில் கண்டெய்னர் நம்பர்கள். ஒரு கண்டெய்னர் நம்பர் என்றால் நாலு எழுத்து, ஏழு எண். மங்கிப்போன ஜெராக்ஸைப் பார்த்து அதை அடிக்க வேண்டும். 3-ஐ 8 என்று அடித்துவிட்டால் திருத்தம் போட வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும், திட்டு வாங்க வேண்டும். உங்களுக்கு இதையெல்லாம் நான் சொல்லத் தேவையில்லை.

அந்தப் பேனலை மாட்டியது நான்தான். ஏணி வைத்த இடம்கூட நினைவிருக்கிறது.

அதற்குப் பிறகு ஒரு லக்ஸ் மீட்டர் வாங்கினேன். ஒரு சதுர மீட்டர் பரப்பில் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்று சொல்லும் கருவி. போனிலும் இதற்கு ஆப் இருக்கிறது. குத்துமதிப்பாகப் பார்க்கலாம், நம்பிப் பேச முடியாது. அடுத்த முறை போனபோது அளந்தேன். ஆளே உட்காராத ரிசப்ஷன் கவுண்டரில் 620 லக்ஸ். மகளின் மேஜையில் 140. அவள் குனிந்து எழுதும்போது 90. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 3646 என்ற விதித்தொகுப்பு, பொது அலுவலகத்துக்கும் கம்ப்யூட்டர் மேஜைக்கும் 300 முதல் 750 வரை வைத்துக்கொள், நடுவில் 500 என்கிறது. அந்த எண்ணைப் படிக்கும்போது ஒன்றை மறக்கக்கூடாது. அளக்க வேண்டிய இடம் மேஜையின் மேல்பரப்பு. சீலிங் எவ்வளவு பளபளக்கிறது என்பது கணக்கில் வராது.

‘கரண்ட் பில் ஏறுமே’ என்று நினைப்பீர்கள். ஒரு கணக்குப் போடுவோம். 15 அடிக்கு 10 அடி அறை, ஏறக்குறைய 14 சதுர மீட்டர். 300 லக்ஸ் வேண்டுமானால் 4,200 லூமன் (லூமன் என்பது வெளிச்சத்தின் மொத்த அளவு) மேஜை மட்டத்துக்கு வந்து சேர வேண்டும். சுவர், சீலிங், தூசி எல்லாம் தின்றது போகக் கிடைக்க வேண்டுமென்றால் விளக்கிலிருந்து அதைப்போல் இரண்டரை மடங்கு, அதாவது 10,500 லூமன் புறப்பட வேண்டும். ட்யூப் மாதிரி நீளமான 20 வாட் எல்இடி பட்டி ஒன்று சுமார் 2,000 லூமன் தரும். ஐந்து பட்டி. மொத்தம் 100 வாட். பத்து மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட். உங்கள் ஏசி அதை ஒரு மணி நேரத்துக்குள் குடித்துவிடும்.

500 லக்ஸ் வேண்டுமானால் இதே அறைக்கு ஒன்பது பட்டி. ஆனால் அதற்கு அவசியமில்லை, இங்கேதான் எனக்கு மேஜை விளக்கு பிடிக்கும். சின்ன பல்பு ஒன்று மேஜைக்கு 6 அடி மேலே இருப்பதற்கும் 2 அடி மேலே இருப்பதற்கும் மேஜையில் விழும் வெளிச்சத்தில் ஒன்பது மடங்கு வித்தியாசம். தூரம் மூன்றில் ஒன்றானால் வெளிச்சம் மூன்று மடங்கு ஆவதில்லை, மும்மூன்று ஒன்பது ஆகிறது. அதனால் அறைக்குப் பொதுவாக 300, காகிதம் பார்க்கிறவருக்குக் கையெட்டும் தூரத்தில் ஒரு 7 வாட் விளக்கு, அவரே போட்டு அவரே அணைக்கிற மாதிரி. வலது கைக்காரருக்கு இடது பக்கம், இடது கைக்காரருக்கு வலது பக்கம். எழுதும் கையின் நிழல் எழுத்தில் விழாது.

உங்கள் கணக்குப்பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். அறுபதை நெருங்கியவர்கள்தான் பல இடங்களில் இன்னும் கணக்கு எழுதுகிறார்கள். வயதாக ஆகக் கண்மணி சுருங்குகிறது, உள்ளிருக்கும் லென்ஸ் மஞ்சளாகிறது. இருபது வயதுக்காரரின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதுக்காரருக்குப் போகிறது. “பெரியவருக்குக் கண்ணு போயிடுச்சு” என்று சொல்கிறோம். பல நேரம் போனது விளக்கு.

அடுத்தது துடிப்பு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பழைய இரும்புச் சோக் போட்ட ட்யூப் ஒரு நொடிக்கு 100 தடவை மங்கி எரியும். கண்ணுக்குத் தெரியாது, மண்டைக்குத் தெரியும். 1989-இல் அர்னால்டு வில்கின்ஸும் உடனிருந்தவர்களும் பிரிட்டனில் ஓர் அலுவலகத்தில், உட்கார்ந்திருப்பவர்களுக்குச் சொல்லாமலே சாதாரணச் சோக்கையும் துடிப்பில்லாத எலக்ட்ரானிக் சோக்கையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள். எலக்ட்ரானிக் சோக்கில் தலைவலியும் கண்வலியும் சராசரியில் பாதிக்கும் கீழே இறங்கின. எல்இடி வந்ததால் இந்தத் தொல்லை ஒழிந்தது என்று நானும் நினைத்திருந்தேன். ஒழியவில்லை. மலிவான பேனலில் டிரைவர் (எல்இடிக்கு மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் சின்னப் பெட்டி) மட்டமாக இருந்தால் அதுவும் துடிக்கும். போன் கேமராவை விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள், திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடினால் அது துடிக்கிறது என்று அர்த்தம். இந்தச் சோதனைக்கு நான் வர வேண்டியதில்லை, இன்றைக்கே செய்யலாம்.

நிறத்தைப் பற்றிச் சொன்னால் சண்டைக்கு வருவீர்கள். “பளிச்சுன்னு வெள்ளையா போடு” என்பதுதான் எல்லோரும் சொல்வது. அது 6500 கெல்வின், நீலம் கலந்த வெள்ளை. கெல்வின் எண் குறையக் குறைய வெளிச்சம் மஞ்சள் பக்கம் போகும். நாள் முழுக்க அதன் கீழே உட்காருகிறவருக்கு 4000 இதமாக இருக்கும் என்பது என் கருத்து. உங்கள் கருத்து வேறாக இருக்கலாம். ஆனால் நிறம் பார்த்து வேலை செய்யும் இடங்களில் கருத்துக்கு இடமில்லை. கோடவுன் தெரு துணிக்கடையில் பழைய ஆட்கள் துணியை வாசலுக்குத் தூக்கிவந்து “இங்க பாருங்க” என்று காட்டுவது ஏன்? உள்ளே இருக்கும் விளக்கு சிவப்பைச் சரியாகக் காட்டாது. பெட்டியில் சிஆர்ஐ என்று போட்டிருக்கும், நிறத்தை எவ்வளவு சரியாகக் காட்டும் என்று நூற்றுக்குச் சொல்லும் எண், 80-க்குக் கீழே வாங்காதீர்கள், துணிக்கும் அச்சுக்கும் 90 பாருங்கள். அதே பெட்டியில் யூஜிஆர் 19 என்று இருந்தால் கண் கூசாத வகை. கொஞ்சம் விலை கூடும்.

ஜன்னலுக்கு வருகிறேன். ஜார்ஜ் டவுன் கட்டடங்கள் முகம் சிறியவை, முதுகு நீளமானவை. ஜன்னலின் மேல்விளிம்பு தரையிலிருந்து 7 அடி என்றால் பகல் வெளிச்சம் உள்ளே 15, மிஞ்சினால் 17 அடி வரும். அதற்கப்பால் இருட்டுதான். அந்தக் காலத்தில் அதற்காகத்தான் நடுவில் முற்றம் விட்டார்கள். இப்போது முற்றத்துக்கு மேலே தகரம், தெருப்பக்க ஜன்னலுக்கு முன்னால் பைல் ரேக், அதிலும் பாதியை ஏசிக்காரன் பலகை வைத்து அடைத்திருக்கிறான். வருகிற பதினைந்தடி வெளிச்சத்தில் உட்கார்ந்திருப்பது 1998-ஆம் வருஷத்து வவுச்சர்கள். ஆட்கள் உள்ளே இருட்டில்.

ரேக்கைப் பின்னால் தள்ளுங்கள், ஆட்களை முன்னால் கொண்டு வாருங்கள். முற்றத்துத் தகரத்தில் நாலு ஷீட்டாவது ஒளி புகும் ஷீட்டாக மாற்றுங்கள். மேஜையை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் போடுங்கள். ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தால் கண் கூசும், முதுகு காட்டினால் திரையில் ஜன்னல் தெரியும். பிறகு துடையுங்கள். துறைமுகத்து லாரி ஓடும் தெருவில் தூசி எப்படிப் படியும் என்று உங்களுக்கே தெரியும். ஓர் அலுவலகத்தில் ஈரத்துணியால் பேனல்களைத் துடைத்துவிட்டு அளந்தேன், 180 இருந்தது 240 ஆனது. தொழிற்சாலைகளுக்காக 1948-இல் வந்த சட்டம் 17-ஆவது பிரிவில் ஜன்னல் கண்ணாடியை உள்ளும் புறமும் சுத்தமாக வைக்கச் சொன்னது, கண் கூசாமலும் நிழல் விழாமலும் பார்த்துக்கொள்ளச் சொன்னது. உங்கள் அலுவலகம் தொழிற்சாலை இல்லைதான். கடை ஊழியர் உட்கார நாற்காலி வேண்டும் என்றுகூட 2021-இல்தான் நம் மாநிலத்தில் சட்டத் திருத்தம் வந்தது. அதற்கு முன்னால் நாற்காலி போட வேண்டாம் என்று யாரும் உங்களைத் தடுக்கவில்லை.

ஒரு முதலாளியின் மகன், வெளியூரில் எம்பிஏ படித்த பையன், என்னை மடக்கினான். 1924 முதல் 1927 வரை சிகாகோ பக்கத்தில் ஹாத்தார்ன் என்ற தொழிற்சாலையில் விளக்கைக் கூட்டிப் பார்த்தார்களாம், உற்பத்தி கூடியது. குறைத்துப் பார்த்தார்களாம், அப்போதும் கூடியது. “அப்போ லைட்டுக்கும் வேலைக்கும் சம்பந்தமே இல்லையே அண்ணா?” வீட்டுக்குப் போய் அதைப் பற்றித் தேடிப் படித்தேன். அந்தக் கணக்கையே பின்னாளில் பலர் சந்தேகப்பட்டிருக்கிறார்கள். போகட்டும், கதை உண்மை என்றே வைத்துக்கொள்வோம். நம்மை ஒருத்தர் கவனிக்கிறார் என்று தெரிந்ததால் அந்தத் தொழிலாளிகள் நன்றாக வேலை செய்தார்கள் என்றுதான் கதை சொல்கிறது. தம்பி, அதையாவது செய்யுங்கள்.

மகளின் அலுவலகத்தில் என்ன ஆனது என்று சொல்லிவிடுகிறேன். முதலாளியிடம் விஷயத்தைச் சொன்னேன். முதலில் அவருக்குப் புரியவில்லை, அவள் நாற்காலியில் உட்காரச் சொன்னேன், புரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் இரண்டு பேனலை இரண்டு கட்டம் தள்ளி மாட்டினேன். மேஜையைப் பக்கவாட்டில் திருப்பினோம். மேஜை விளக்குக்கு அவர் காசு கொடுத்தார், கூலி நான் வாங்கவில்லை, என் தப்புக்கு நானே கூலி வாங்குவது சரியில்லை. இப்போது அவள் மேஜையில் 380. விளக்கைப் போட்டால் 500-ஐத் தாண்டும். தலைவலி போய்விட்டதா என்று கேட்டேன். “மாசக் கடைசில மட்டும் வருதுப்பா” என்றாள். அதற்கு என்னிடம் விளக்கு இல்லை.

எனவே முதலாளிமாரே, நான் மாட்டிய விளக்குகள் உள்ள அலுவலகங்கள் எவை என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மீட்டரோடு வருகிறேன். அளப்பதற்குக் காசு வேண்டாம், இடம் மாற்றி மாட்டுவதற்கும் வேண்டாம். புதுப் பொருள் வாங்கினால் அதற்கு மட்டும் கொடுங்கள். புதிதாக ஃபால்ஸ் சீலிங் போடப் போகிறவர்கள், சீலிங் ஆளைக் கூப்பிடும் முன் ஒரு தாளில் மேஜைகளை வரைந்து, யார் எந்தப் பக்கம் பார்த்து உட்காருவார் என்று அம்புக்குறி போட்டு என்னிடம் கொடுங்கள். பேனாவால் கிறுக்கிக் கொடுத்தாலும் போதும்.

ஒரே ஒரு நிபந்தனை. வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமை சாவியைக் கொடுத்து அனுப்பாதீர்கள். காலி நாற்காலியை அளந்து பயனில்லை. சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணிக்கு, அவரவர் இடத்தில் அவரவர் குனிந்து வேலை செய்துகொண்டிருக்கும்போதே வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் போனில் ‘எலக்ட்ரீஷியன் ராயபுரம்’ என்று இருப்பவன்