அசோக் நகர் கிரவுண்டை மறந்துவிடாதீர்கள்: பெங்களூரு எஃப்.சி. நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பெங்களூரு எஃப்.சி. நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். நான் ஆஸ்டின் டவுன்காரன். 2013 செப்டம்பரில் அசோக் நகர் கால்பந்து மைதானத்தில் அன்றைய இந்தியாவின் முதல்நிலை லீகான ஐ-லீக்கில் உங்கள் முதல் ஆட்டம் நடந்த அன்று, அப்பாவும் நானும் மேற்குப் பக்கப் படிகளில் உட்கார்ந்திருந்தோம். எதிரே கொல்கத்தாவின் மோகன் பகான். 1-1 என்று முடிந்தது. வீட்டுக்கு நடந்து வரும்போது அப்பா சொன்னார்: "பசங்க நல்லா ஆடுறாங்க. எத்தனை வருஷம் நடத்துறாங்கன்னு பார்க்கலாம்."

அப்பா அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. எழுபதுகளில் இந்த ஊரின் ஒரு பொதுத்துறை ஆலைக்காக லெஃப்ட் பேக் ஆடியவர் அவர். பந்துதான் அவருக்கு வேலை வாங்கிக் கொடுத்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தோல் பூட்ஸைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, தேய்ந்த கட்டைகளைப் பிடுங்கிவிட்டுப் புதுக் கட்டைகளை ஆணியால் அடிப்பார். ஆணி முனை உள்ளே துருத்திக்கொண்டால் செய்தித்தாளை நாலாக மடித்து உள்ளே வைத்துக்கொள்வார். அப்படியும் ஆட்டம் முடிந்து வரும்போது காலுறையில் ரத்தம் இருக்கும். ஆலையில் வாரா வாரம் அறிவிப்புப் பலகையில் ஆட்டக்காரர்களின் பெயர்களை ஒட்டுவார்கள். ஒரு வாரம் ஒட்டவில்லை. அடுத்த வாரமும் ஒட்டவில்லை. அணி கலைந்துவிட்டது என்று யாரும் வந்து சொல்லவில்லை. அப்பா அந்த பூட்ஸை இன்னும் வைத்திருக்கிறார்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. தொலைபேசி ஆலையான ஐ.டி.ஐ., விமான ஆலையான ஹெச்.ஏ.எல்., ராணுவப் பொறியாளர் படையான எம்.இ.ஜி. என்று ஆலைகளும் ராணுவமும் வளர்த்ததுதான் இந்த ஊர்க் கால்பந்து. அதற்கும் முன்னால், 1937-லேயே பெங்களூர் முஸ்லிம்ஸ் அணி பம்பாய் போய் ரோவர்ஸ் கோப்பையை ஜெயித்தது. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக இந்தியா அடித்த ஒரே கோல் சாரங்கபாணி ராமனுடையது. நம் ஊர்க்காரர். 1962 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் இடது ஓரம் ஓடிய அருமைநாயகமும் இந்த மண்தான். மாநில அணிகளுக்கான சந்தோஷ் டிராபியை மைசூர் மாநிலம் நான்கு முறை வென்றிருக்கிறது. அல்சூர் பக்கம் கௌதமபுரத்துக்குப் போய்ப் பாருங்கள். அம்பேத்கர் சிலை இருக்கும் அதே தெருவில் பெலேவுக்கும் சிலை இருக்கிறது. தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த அந்தத் தெருக்களில் தாத்தாவும் ஆடியிருப்பார், பேரனும் ஆடுவான். ஆனால் ஆலை அணிகள் ஒவ்வொன்றாக மெலிந்தன. 2012-ல் ஹெச்.ஏ.எல். ஐ-லீக்கிலிருந்து கீழே இறங்கியது. தேசிய லீகில் ஊருக்கு அணியே இல்லாத அடுத்த வருடம்தான் நீங்கள் வந்தீர்கள்.

வந்த முதல் சீசனிலேயே, ஆஷ்லி வெஸ்ட்வுட் பயிற்சியில், 2014 ஏப்ரலில் கோவாவில் டெம்போ அணியை 4-2 என்று வீழ்த்திப் பட்டத்தை எடுத்தீர்கள். அன்று எங்கள் தெருவில் வெடித்த வெடி, தீபாவளிக்கு மிச்சம் வைத்திருந்த சரம். அப்புறம் ஃபெடரேஷன் கோப்பை, 2016-ல் இரண்டாவது ஐ-லீக். அதே வருடம் அக்டோபரில், அசோக் நகரை விட்டு நீங்கள் மாறிப்போன கண்டீரவா ஸ்டேடியத்தில், ஆசிய கிளப்களுக்கான ஏ.எஃப்.சி. கோப்பையின் அரையிறுதியில், நடப்புச் சாம்பியனான மலேசியாவின் ஜோகூரை 3-1 என்று சாய்த்த இரவை என்னால் இன்றும் நிமிடம் நிமிடமாகச் சொல்ல முடியும். அவர்கள்தான் முதலில் கோல் அடித்தார்கள். ஓட்டப்பாதையைத் தாண்டி உட்கார்ந்திருக்கிற எங்களுக்குப் பந்து கொஞ்சம் தூரம்தான். ஆனாலும் நம் கேப்டன் சுனில் சேத்ரி பெனால்டி பெட்டிக்கு வெளியிலிருந்து அடித்தபோது அது வலையைத் தொடும் முன்பே எல்லோரும் எழுந்துவிட்டோம். ஏ.எஃப்.சி. கோப்பையின் இறுதிக்குப் போன முதல் இந்திய கிளப் நீங்கள். தோஹாவில் ஈராக்கின் விமானப்படை அணியிடம் 1-0 என்று தோற்றபோதும் யாருக்கும் தலை குனியவில்லை.

2018 மார்ச் 17-ஐப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஐ-லீக்கை விட்டு ஐ.எஸ்.எல்.லுக்கு (இந்தியன் சூப்பர் லீக்) நீங்கள் போன முதல் சீசன். லீகில் 40 புள்ளிகள், இரண்டாம் இடத்தை விட எட்டு அதிகம். இறுதி நம் கண்டீரவாவில். எதிரே சென்னையின் எஃப்.சி. அணி. ஒன்பதாவது நிமிடத்தில் சேத்ரி தலையால் முட்டிப் போட்டார். பிறகு அவர்களுக்கு இரண்டு கார்னர், இரண்டு முறையும் மெய்ல்சன் ஆல்வெஸ் தலை. 3-2 என்று தோற்றோம். இரவு பத்தரைக்கு வேலூரிலிருந்து சித்தப்பா போன் பண்ணினார். "யார் ஜெயிச்சா என்னடா, நம்ம தமிழ்நாட்டு டீம்தானே" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. வீட்டில் தமிழ் பேசுகிறோம்; ஆனால் நான் பிறந்தது பவுரிங் ஆஸ்பத்திரியில், பந்து பழகியது நந்தன் கிரவுண்டில். இந்த ஊர் அணிதான் என் அணி. அதைச் சித்தப்பாவுக்குப் புரியவைக்க ஒரு வருடம் ஆனது. 2019-ல் அதே மார்ச் 17, மும்பையில் ராகுல் பேகே 117-வது நிமிடத்தில் தலையால் அடித்து கோவாவை வென்றதும், இந்த முறை நான் அவருக்கு போன் பண்ணினேன்.

அதற்குப் பிறகு இறக்கம். ஆளில்லாத மைதானங்களில் கோவாவில் நடந்த சீசனில் ஏழாம் இடம். நடுவில் 2022-ல் டூராண்ட் கோப்பையை ஜெயித்தோம். 2023-ல் தொடர்ந்து எட்டு வெற்றிகளோடு எழுந்து இறுதி வரை போய், பெனால்டியில் மோகன் பகானிடம் தோல்வி. அடுத்த வருடம் பத்தாம் இடம். 2025 ஏப்ரலில் மறுபடி இறுதி, மறுபடி மோகன் பகான், மறுபடி தோல்வி. இதற்கெல்லாம் நான் குறை சொல்ல வரவில்லை. பந்து என்றால் மேலேயும் போகும், கீழேயும் வரும். பத்தாம் இடத்தில் இருந்தபோதும் டிக்கெட் வாங்கினேன்.

நான் பயந்தது 2025 ஆகஸ்டில். லீக் உரிமை ஒப்பந்தம் இழுபறியாகி ஐ.எஸ்.எல். நிறுத்திவைக்கப்பட்டதும், முதல் அணி ஆட்டக்காரர்களுக்கும் ஊழியர்களுக்கும் சம்பளத்தை நிறுத்திவைப்பதாக அறிக்கை விட்டீர்கள். அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நோட்டீஸ் போர்டு ஞாபகம் வருது" என்றார். சிக்கல் உங்களால் வந்தது இல்லை என்று எனக்குத் தெரியும். இளையோர் அணிகளும் பயிற்சிப் பள்ளிகளும் தொடரும் என்று அதே அறிக்கையில் சொன்னீர்கள். அந்த ஒரு வரிக்காக மனதார நன்றி. வெளிப்படையாக அறிவித்ததும் நல்லதுதான். எங்கள் அப்பாவுக்கு அதுகூடக் கிடைக்கவில்லை.

ஆனால் ஒரு நிறுவனத்தின் கையில் மட்டும் இருக்கிற அணி, அந்த நிறுவனத்தின் மனசு மாறினால் போய்விடும். அதை இந்த ஊர் ஒரு முறை பார்த்துவிட்டது. அதனால்தான் கேட்கிறேன்: கிளப்பின் பெரிய முடிவுகளைப் பேசும் அறையில் ஆதரவாளர்களுக்கு ஒரு நாற்காலி போடுங்கள். மேற்கு பிளாக்கில் பன்னிரண்டு வருடமாகத் தொண்டை கிழியக் கத்துகிறவர்களில் கணக்குத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள், சட்டம் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். பணம் முடைப்பட்டால் எங்களிடம் முதலிலேயே சொல்லுங்கள். ஏதாவது செய்ய முடியுமா என்று நாங்களும் பார்ப்போம்.

அப்புறம் இன்னொன்று. உங்கள் இளையோர் அணி ஊர் லீகான சூப்பர் டிவிஷனில் அசோக் நகரில் ஆடுகிறது, நானும் போய்ப் பார்க்கிறேன். முதல் அணியும் ஒவ்வொரு சீசன் தொடங்கும் முன்னால் அங்கே ஒரு பயிற்சி ஆட்டம் ஆடட்டும். எதிரணியாக ஆஸ்டின் டவுன், கௌதமபுரம் பையன்களிலிருந்து பதினொரு பேரை எடுங்கள். தோற்கட்டும், பரவாயில்லை. தேர்வு நாளைத் தமிழிலும் கன்னடத்திலும் உருதுவிலும் எழுதி நந்தன் கிரவுண்டு சுவரில் ஒட்டுங்கள்; அங்கே ஆடுகிற பிள்ளைகளில் பலர் அந்த மூன்றில் ஏதாவது ஒன்றைத்தான் முதலில் படிப்பார்கள்.

அப்பாவுக்கு இப்போது முட்டி சரியில்லை. கண்டீரவாவின் படிகளை ஏற முடிவதில்லை. அசோக் நகர் என்றால் ஆட்டோவில் பத்து நிமிடம், கீழ்ப்படியிலேயே உட்கார்ந்துகொள்வார். தேதியை மட்டும் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆஸ்டின் டவுனிலிருந்து ஓர் ஆதரவாளன்