முறிகண்டியில் கண்ட அம்மாவுக்கு

உங்கள் பெயரைக் கேட்காமல் விட்டுவிட்டேன், அதனால்தான் இங்கே எழுதுகிறேன். 84 வேலைநாள் பிரசவ லீவு முடிய ஒரு கிழமைதான் இருந்தது. மகள் போத்தலைக் கண்டாலே முகத்தைத் திருப்பி வீரிட்டு அழுவாள். சூப்பியை மாற்றிப் பார்த்தும் சரிவரவில்லை. அன்று வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கு வரும் வழியில், பஸ் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நின்றபோது, அழுகிற பிள்ளையோடு நானும் அழுதுகொண்டு நின்றேன்.

"போத்தலை விடு பிள்ளை" என்று சொல்லி, உங்கள் பையிலிருந்த சின்னச் சில்வர் பேணியைத் தேத்தண்ணிக் கடையில் சுடுதண்ணி வாங்கிக் கழுவினீர்கள். நான் எடுத்து வைத்திருந்த தாய்ப்பாலை அதில் விட்டு, மகளை மடியில் நிமிர்த்தி இருத்தி, பேணியின் விளிம்பைக் கீழுதட்டில் தொட்டபடி பிடித்தீர்கள். வாய்க்குள் ஊற்றவேயில்லை. அவளே நாக்கை நீட்டி நக்கினாள், அப்புறம் மெல்ல உறிஞ்சினாள். "ஊத்தினால் புரைக்கேறும், அவளின்ர வேகத்துக்கு விடு" என்றீர்கள். நாடியில் வழிந்ததை உங்கள் சேலைத் தலைப்பால்தான் துடைத்தீர்கள்.

இப்போது நான் வேலைக்குப் போகிறேன். பிரிட்ஜில் வைத்துவிட்டுப் போகிற பாலை என் அம்மா பேணியால்தான் பருக்குகிறா. நீங்கள் தந்துவிட்டுப் போன அதே பேணி. மிக்க நன்றி அம்மா.